கொக்கி மாட்டும் இடம்

சேலம் ரோட்டில் எதிரெதிரே இரண்டு ஷோரூம்.
காலையிலிருந்து நாலு தடவை
ரோட்டைத் தாண்டிவிட்டோம் மூன்று பேரும்.
இங்கே ஒரு காப்பி, அங்கே ஒரு காப்பி.

சுடர்விழி போனில் கணக்கு வைத்திருக்கிறாள்.
லிட்டருக்கு இவன் பதினெட்டு, அவன் இருபது.
டிக்கியில் இவனுக்கு ஒரு பெட்டி கூடப் போகும்.
இவனுக்குக் கூரையில் கண்ணாடி,
அவனுக்கு சீட்டுக்குள் காற்று.
நீளம் இரண்டுக்கும் நாலு மீட்டருக்கு ஒரு விரல்கடை கம்மி,
தாண்டினால் வரி ஏறுமாம்.
தவணை அவள் சம்பளத்தில்.
சேலத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம், காலை ஆறு மணி ஷிப்ட்,
இருட்டில் கிளம்பவேண்டும்.
ஆகவே முடிவும் அவளுடையது.
நீ சும்மா வந்து பாருப்பா என்றாள்.

சும்மாதான் பார்க்கிறேன்.

ஷபானா என்று பெயர் குத்திய பெண்
பொத்தானை அமுக்கிக் கூரையைத் திறக்கிறாள்.
மாதம்மாள் அண்ணாந்து பார்த்து
"தருமபுரி வெயிலுக்கு இது வேறயா" என்கிறாள்.
நான் குனிந்து
முன்பம்பரைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.
என்ன சார் தேடுறீங்க?
கொக்கி மாட்டுற எடம்மா.
மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று போகிறாள்.

எனக்குத் தெரியும்.
இவனுக்கு வலப்பக்கம், தீப்பெட்டி அளவு மூடிக்குப் பின்னால்.
அவனுக்கு இடப்பக்கம்.
மழையில், டார்ச் இல்லாமல், விரலாலேயே கண்டுபிடிப்பேன்.

பதினோரு வருஷமாகத் தொப்பூர் கணவாயில் கிரேன் ஓட்டுகிறேன்.
டீசல் மிச்சமென்று நியூட்ரலில் இறங்குகிற லாரி
இரட்டைப் பாலத்தில் யார்மேல் ஏறுகிறதோ
அவர்கள் வண்டியைத் தூக்குவது நான்.
ஆட்களை ஆம்புலன்ஸ் தூக்கும்.
விளம்பரத்தில் எந்தக் காரையும் நான் கவனித்ததில்லை.
எனக்கு முதலில் அடிவயிறுதான் அறிமுகம்.

இவனை மூன்று தடவை. அவனை இரண்டு.

ஐப்பசியில் ஒரு வெள்ளை, இவன்தான்.
எஞ்சின் ஸ்டியரிங் வரைக்கும் வந்திருந்தது.
பின்கதவு மட்டும்
வீட்டு பீரோ மாதிரி திறந்தது.
உள்ளே வெடித்துச் சுருங்கிய பலூன்கள், மாவு வாசனை,
பிரிக்காத பன் பாக்கெட், ஒரு பக்கத்துச் செருப்பு.
ஆட்கள் ரோட்டோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

அவன் சாம்பல் நிறம். முகத்தில் பெரிதாக அடியில்லை,
பம்பர் மாற்றினால் விற்றுவிடலாம்.
கதவு வரவில்லை.
கடப்பாரை போட்டு நெம்பினோம்.
நாற்பது நிமிஷம்.

மூன்றையும் இரண்டையும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது.
லாரியின் பாரம், வந்த வேகம், பெல்ட் போட்டார்களா,
யார் கண்டது.
கைக்கு அந்த நியாயம் தெரியவில்லை.

வீட்டில் இதெல்லாம் பேசினதில்லை.
விடியற்காலை வந்து கால் கழுவும்போது
"பெரிசா எதாச்சுமா" என்பாள் மாதம்மாள்.
டயர் வெடிச்சுது என்பேன்.
பதினோரு வருஷமாக டயர்தான் வெடித்துக்கொண்டிருக்கிறது.

இவனுடைய பின்கதவைத் திறந்தேன். மூடினேன்.
திறந்தேன். மூடினேன்.
"சத்தமே கெட்டியா இருக்குல்ல சார்" என்றாள் ஷபானா.
அப்பா, போதும், கதவை விடு, என்றாள் சுடர்விழி.
மறுபடி திறந்தேன்.
அவள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.
நாளெல்லாம் அடுத்தவர் கையில் நரம்பு தேடுகிற கண்.
கைப்பிடியில் இருந்த என் கையைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

இதையே எடுத்துக்கலாம்பா.

மைலேஜ் ரெண்டு குறையுதே.

குறையட்டும்.

முன்பணம் கட்டினாள்.
மாதம்மாள் நிறத்துக்காக மட்டும் சண்டை போட்டாள்,
மஞ்சள் கேட்டாள், இல்லை, சிவப்புக்குச் சம்மதித்தாள்.
ஷபானா ஒரு படிவம் நீட்டினாள், சார் நீங்க நிரப்புங்க என்று.
எங்கள் வாகனத்தைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?
டிவி. செய்தித்தாள். நண்பர்கள். மற்றவை.
மற்றவையில் டிக் அடித்தேன்.
பக்கத்தில் விவரம் எழுத
ஒரு கோடு விட்டிருந்தார்கள்,
அரை விரல் நீளத்துக்கு.